குடிக்கூலியும் ஓய்வூதியமும்

சென்ற மாதம் ஒரு தோழர் தொலைபேசியில் அழைத்தார். காஜியாபாத்தில் இருப்பவர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி, தொழிற்சங்கத்திலும் பொறுப்பு வகித்து, அண்மையில் ஓய்வு பெற்றவர். நலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து ஒரு தொகை கைக்கு வந்திருக்கிறது. நொய்டா பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமென்று ஆறு மாதமாகத் தேடுகிறேன். கணக்குக்குச் சரிப்படுகிற வீடு எதைப் பார்த்தாலும், நான் யோசித்து முடிப்பதற்குள் வேறொருவர் முன்பணம் கொடுத்துவிடுகிறார். நீங்கள் டெல்லியில் முப்பது ஆண்டாக வாடகை வீட்டில் இருப்பவர். வாடகைக்காரர் எந்தப் பகுதியைத் தேடி வருவார் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்சிக்காரன் இப்படிக் கேட்கலாமா என்றும் இருக்கிறது" என்றார்.

அந்தத் தாழ்ந்த குரலுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவரல்லர். ஆசிரியர், வங்கி ஊழியர், காப்பீட்டு ஊழியர், அஞ்சல் ஊழியர் எனச் சங்கத்தின் வழியாகக் கட்சிக்கு வந்த எத்தனையோ தோழர்களின் வீடுகளில், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. கிளைக் கூட்டத்தில் மட்டும் அது வருவதில்லை. மனைவியிடமும் மைத்துனரிடமும் பேசுவதைத் தோழர்களிடம் பேச முடியாமல் இருப்பது நல்லதல்ல.

மொழிபெயர்ப்பாளனுக்கு எந்தப் பிரச்சினையும் முதலில் சொல்லாகத்தான் வந்து நிற்கும். உழைப்பிலிருந்து வராத, சொத்தின் உரிமையிலிருந்து மட்டுமே வரும் வருவாயில் வாழ்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'ராந்தியே' நம் ஆவணங்களில் அடிக்கடி வரும். 'வாடகையுண்போர்' என்று எழுதுவேன்; ஆசிரியர் குழு அதை 'ஒட்டுண்ணி' என்று திருத்தும்; அடுத்த இதழில் மீண்டும் பழையபடி எழுதுவேன். ஆனால் வீட்டு வாடகைக்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: குடிக்கூலி. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. உழைப்பவர் வாங்குவதும் கூலி, குடியிருப்பவர் கொடுப்பதும் கூலி. மாதம் முதல் தேதி வாங்கிய கூலி ஐந்தாம் தேதி குடிக்கூலியாகப் போவதை நகரத்தில் வாழும் எவரும் அறிவர். நம் தோழர் இப்போது அந்தப் பணம் போய்ச் சேரும் பக்கத்தில் ஓரிடம் தேடுகிறார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அவர் பார்த்த வீடுகளின் விலை 60 இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது; 900 சதுர அடி; அங்கே கிடைக்கும் வாடகை மாதம் 15 ஆயிரம். ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். அதாவது போட்ட பணத்தில் நூற்றுக்கு மூன்று. இதில் சொத்து வரி, சங்கப் பராமரிப்புக் கட்டணம், ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள், வெள்ளையடிப்பு, தரகு ஆகியவை போகவேண்டும். இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வாடகை வரவு பொதுவாக விலையில் 2 முதல் 4 விழுக்காட்டுக்குள்தான் நிற்கிறது. கையில் 20 இலட்சம் போட்டு, மீதி 40 இலட்சத்தை எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். "குடியிருப்பவரே உங்கள் தவணையைக் கட்டிவிடுவார்" என்று தரகர் சொல்வதில் பாதிகூட உண்மையில்லை.

அதே தோழர் 30 இலட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 விழுக்காடு வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. பாதிப் பணத்தில், வாடகைக்காரரைத் தேடாமலே, வீட்டு வாடகையைவிட அதிகம். வட்டிக்கு வரி உண்டு, ஐந்து ஆண்டு கழிந்தால் வட்டி விகிதம் மாறலாம், விலைவாசி ஏறும்போது இந்தத் தொகை ஏறாது என்பதெல்லாம் சரி. ஆயினும் மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பது மட்டுமே தேவையானால் வீடு வாங்குவது மோசமான வழி.

இதை அவரிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "வாடகை ஒரு பக்கம், விலை ஏறுமே" என்றார். வாடகைக்கான வீட்டைத் தேடுவோர் எல்லாரும் உண்மையில் வாங்குவது இந்த 'ஏறுமே' என்பதைத்தான். வாடகை அதுவரை கைச்செலவுக்கு. விலை ஏறுமென்ற நம்பிக்கையில் வாங்குவோரோடு போட்டி போடும்போது, கட்டடம் எழும்புவதற்கு முன்பே பத்து விழுக்காடு முன்பணம் கொடுத்துப் பல வீடுகளைப் பிடித்து வைப்பவரும், வெளிநாட்டிலிருந்து டாலரில் அனுப்புபவரும், கணக்கில் வராத பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அலைபவரும் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பணிக்கொடைக் காசோலையோடு போகும் ஒருவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்பார். விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்குவார். நொய்டாவில் இதற்குப் பழைய பாடமும் உண்டு. அம்ரபாலி நிறுவனத்தின் திட்டங்களில் பணம் கட்டிய நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் வீடின்றித் தவித்து, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பதிவை இரத்து செய்து, கட்டி முடிக்கும் பணியை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு போட்டி நிலவும் சந்தையில் வீடு பற்றாக்குறையாக இருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாகப் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம். அடுத்த ஆண்டு அமிதாப் குண்டு தலைமையிலான அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 88 இலட்சம் என மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாயினரும். பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டதும் தெருவில் படுத்திருப்போர் நினைவுக்கு வருவர். ஆனால் அந்தக் கணக்கின் மிகப் பெரும் பகுதி, ஒரே அறையில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். மணமான மகனுக்கும் மருமகளுக்கும் தனி அறையில்லாத வீடுகள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடக்காததால் இந்தப் பழைய எண்களோடுதான் இன்னமும் வாதாட வேண்டியிருக்கிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு நொய்டா விரைவுச் சாலையில் போகிறவர் அண்ணாந்து பார்த்தால் போதும். இருபது மாடிக் கட்டடங்களில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிடலாம்.

பூட்டிய வீடு தானாகப் பூட்டிக்கொள்வதில்லை. அரசின் வரிக் கொள்கை அதன் சாவியைத் திருப்புகிறது. செல்வ வரி 2015 வரவு செலவுத் திட்டத்தில் ஒழிக்கப்பட்டது. முன்பு ஒருவர் இரண்டாவது வீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும், அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய வாடகையை உத்தேசமாகக் கணக்கிட்டு வரி விதிக்கும் முறை இருந்தது. 2019இல் அந்த இரண்டாவது வீட்டுக்கும் விலக்கு வழங்கப்பட்டது. 2025இல், அங்கே ஏன் குடியிருக்கவில்லை என்று காரணம் காட்ட வேண்டிய நிபந்தனையும் நீக்கப்பட்டது. கட்டுமான நிறுவனம் விற்காமல் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இரண்டு ஆண்டு விலக்கு உண்டு. வாடகைக்கு விடுபவரோ, வாடகையில் 30 விழுக்காட்டை எந்த ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். இந்தக் கழிவுகள் புதிய வருமான வரி முறையிலும் வாடகை வருவாய்க்குத் தொடர்கின்றன. ஆனால் சம்பளம் வாங்கி வாடகை கொடுப்பவருக்கு இருந்த வீட்டு வாடகைப்படி விலக்கு மட்டும் புதிய முறையில் கிடையாது. வாடகை வாங்குபவருக்குச் சலுகை நிலைத்திருக்க, கொடுப்பவரின் சலுகை போய்விட்டது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி நம் ஏடுகள் எழுதிய விமர்சனங்களில், நான் மொழிபெயர்த்தவை உட்பட, இந்த முரண் ஒரு வரியாகக்கூட இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை.

இதுவரை சொன்னது அடுக்ககங்களின் உலகம். வாடகைச் சந்தைக்கு அடித்தளம் ஒன்று உண்டு. முதலீட்டு ஆலோசகர்கள் வெளிப்படையாகப் பேசாத, ஆனால் உண்மையில் நல்ல வரவு தருகிற இடம் அது. டெல்லிக்கும் குருகிராமுக்கும் இடையிலான எல்லையில் கபாஷேரா என்றொரு கிராமம். எல்லைக்கு அப்பால் உத்யோக் விஹாரின் ஆடைத் தொழிற்சாலைகள். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தையல் தொழிலாளர்கள் இப்பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் கொடுத்து இழப்பீடு பெற்ற குடும்பங்கள் எஞ்சிய நிலத்தில் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டின. பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு மாடிக்கு ஒன்றிரண்டு கழிப்பறை. நான்கு பேர், ஐந்து பேர் ஒரே அறையில். அத்தகைய அறைக்கு 4,000 ரூபாய் என்றால் சதுர அடிக்கு 40 ரூபாய். நம் தோழர் பார்த்த 900 சதுர அடி வீட்டின் வாடகை சதுர அடிக்கு 17 ரூபாய்க்கும் குறைவு. குளியலறையோடு கூடிய காற்றோட்டமான வீட்டில் இருப்பவர் கொடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், சன்னலில்லாத அறையில் இருப்பவர் கொடுக்கிறார்.

வாடகையோடு அது முடிவதுமில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் அறைவாசியின் சப்-மீட்டருக்கு வீட்டுக்காரர் வைத்ததே விலை. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய். மளிகையை வீட்டுக்காரரின் கடையிலேயே வாங்க வேண்டுமென்ற எழுதாத விதியும் பல இடங்களில் உண்டு. வாடகை ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லாததால் குடும்ப அட்டை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. தொழிற்சாலை வாயிலில் நாம் கொடி ஏற்றுகிறோம். அந்தத் தொழிலாளியின் எஞ்சிய பன்னிரண்டு மணி நேரமும் இன்னொருவரின் வாயிலுக்குள் கழிகிறது. அங்கே நம் துண்டறிக்கை போவதில்லை.

அந்த வாயிலுக்குப் பின்னால் இருப்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் இலட்சக்கணக்கானோர் நடக்கத் தொடங்கினர். வேலை போனது ஒரு காரணம். கையில் கூலியின்றி அடுத்த மாத வாடகையை எதிர்நோக்க முடியாதது இன்னொரு காரணம். மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என ஆணையிட்டது. அதே நாளில் அன்றைய டெல்லி முதலமைச்சர் கெஜ்ரிவால், வாடகை கொடுக்க இயலாத ஏழைகளுக்காக அரசே கொடுக்கும் என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். எவருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. தினக்கூலிகள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2021 ஜூலை 22 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முதலமைச்சரின் வாக்குறுதி செயல்படுத்தத்தக்கது எனத் தீர்ப்பளித்தார். டெல்லி அரசு மேல்முறையீடு செய்தது; செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

நடந்து போனவர்களின் படங்கள் உலகம் முழுவதும் பரவியதால் ஒன்றிய அரசுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்துக்கு 2020 ஜூலை 8 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முந்தைய திட்டங்களில் அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த ஏறத்தாழ 83 ஆயிரம் வீடுகளை இடம்பெயர் தொழிலாளருக்கு வாடகைக்கு விடுவது அதன் முதற்பகுதி. அப்படி மாற்றப்பட்டவை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. காலி வீடும் அரசுடையது, தேவைப்படுபவரும் தெரிந்தவர், திட்டமும் கையெழுத்தானது. ஆயினும் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குக்கூட விளக்கேற்ற முடியவில்லை. ஊருக்கு வெளியே, தொழிற்சாலையிலிருந்து தொலைவில் அவை கட்டப்பட்டதற்கும் இதில் பங்குண்டு. மறு ஆண்டு ஜூன் 2 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம், முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்தச் சொல்கிறது. வழக்கமாகப் பத்து மாத முன்பணம் கேட்கும் பெங்களூரில் இருப்பவர் அதை வரவேற்கவே செய்வார். ஆனால் அச்சட்டத்தில் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகையும், பிறகு நான்கு மடங்கும் கொடுக்க வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் அடைக்கப்பட்டிருக்கிறது.

'நல்ல வாடகைக்காரர்' என்றொரு தொடர் முதலீட்டுப் பேச்சில் அடிக்கடி வரும். நம் தோழரும் அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு அல்ல, தரகர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். நான் டெல்லிக்கு வந்த புதிதில் ஒரு தரகர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி வாடகை எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதல்ல, "மதராசிதானே, சைவமா?" என்பது. ஆம் என்றேன். பொய்தான். பதினொரு மாத ஒப்பந்தம் முழுவதும் மீன் வாங்கிய பையைச் செய்தித்தாளில் சுற்றி மாடியேறினேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்தது இந்தப் பதினொரு மாதம். மொழிபெயர்த்து அடுக்கிய தாள்களையும் அகராதிகளையும் கட்டித் தூக்கிக்கொண்டு நான் மாறிய வீடுகள் ஒன்பது. என் பொய்யாவது என்னைக் காப்பாற்றியது. பெயரைச் சொன்னாலே பொய் சொல்ல வழியற்றுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லியிலும் சுற்று நகரங்களிலும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வாடகைக்கு வீடு தேடுவோரில் தலித்துகளும், அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் மறுக்கப்படுவதையும், கிடைத்தாலும் கடுமையான நிபந்தனைகளோடு கிடைப்பதையும் அது நிறுவியது. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 'நல்ல வாடகைக்காரர்' என்ற வணிகச் சொல்லுக்குள் அது பத்திரமாகக் குடியிருக்கிறது. வாடகை கூட்டாமல் குடும்பம் நடத்த விடும் இடதுசாரி வீட்டுக்காரர்கள்கூட இந்த ஒரு கேள்வியில் தரகரிடம் வாய்மூடி இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளை நம் கல்வி முகாம்களில் எப்போதாவது படிக்கிறோம். தொழிலாளி ஒவ்வொருவரையும் வீட்டுச் சொந்தக்காரராக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற புருதோனிய யோசனையை அவர் மறுத்தது நமக்கு நினைவிருக்கும். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவு, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவைப் போன்றதல்ல என்று அவர் பிரித்துக் காட்டியதையும், பெருநகரங்களில் ஏற்கனவே இருக்கும் வீடுகளை அறிவார்ந்த முறையில் பயன்படுத்தினாலே உடனடி நெருக்கடியைத் தீர்க்கலாம் என்று சொன்னதையும் அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை. முதலாவது, நம் தோழரை வர்க்க எதிரியாக்கிவிடாமல் நம்மைக் காக்கும். இரண்டாவது, 1 கோடியே 10 இலட்சம் பூட்டுகளுக்கு முன்னால் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

வாடகைக் கட்டுப்பாட்டைப் பற்றியும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 1918இல் பம்பாயில் தொடங்கிய அந்தச் சட்டங்கள் இரண்டு உலகப் போர்க் காலங்களில் உழைப்போரை வீதிக்கு வராமல் காத்தன. ஆனால் வாடகையை ஒரு பழைய எண்ணில் உறையவைத்துவிட்டு, பழுதுபார்ப்பை எவர் பொறுப்பிலும் விடாததால், மும்பையில் கட்டடங்கள் தலைமேல் இடிந்து விழுந்தன. புதிதாக வருபவர் 'பகடி' என்ற பெயரில் பெருந்தொகை கொடுத்தே நுழைய முடிந்தது. 1958ஆம் ஆண்டின் டெல்லிச் சட்டம் 1988 திருத்தத்துக்குப் பிறகு 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைகளைத் தொடுவதே இல்லை; அதாவது இன்று ஏறத்தாழ எவரையும் தொடுவதில்லை. பழைய சட்டத்தை அப்படியே மீட்கக் கோருவது எளிது, பயன் குறைவு. இன்னதுவரைதான் ஆண்டுக்கு வாடகை கூட்டலாம், இன்ன காரணத்துக்குத்தான் வெளியேற்றலாம், ரசீது தராதவருக்கு அபராதம், நெடுநாள் பூட்டிய வீட்டுக்கு வரி என்று இன்றைய நிலைக்கு ஏற்பக் கோரிக்கை எழுத வேண்டும்.

அரசே வீட்டுக்காரராக இருந்த காலம் ஒன்றும் இருந்தது. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நைகாம், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால்களைக் கட்டியது. வெள்ளைக்கார அரசு கட்டியது. ஆலைத் தொழிலாளிகள் வாழ்ந்தனர். அவற்றின் தாழ்வாரங்களில் நம் இயக்கமும் வாழ்ந்தது. டெல்லிக்கு வந்த தமிழ் எழுத்தர்கள் மூன்று தலைமுறையாகச் சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தார்கள். பணியில் இருக்கும்வரை வீடு, பணி முடிந்தபின் ஓய்வூதியம் என்ற ஏற்பாடு அவர்களைத் தரகரிடமிருந்து காத்தது. 2016 ஜூலையில் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புப் பகுதிகளை இடித்துக் கட்ட ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. செலவை ஈடுகட்ட நௌரோஜி நகரில் வீடுகள் இருந்த நிலத்தில் வணிக வளாகம் எழுந்து, விற்பனைக்கு வந்தது.

ஓய்வூதியத்துக்கு நேர்ந்தது இதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. 2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, படையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அப்போது வைத்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்மீது கணக்கிட்டால், 35 ஆண்டு பணிக்கு மாதம் 7,500 ரூபாய் வரும். நம் தோழருக்கு வருவது அதைவிடக் குறைவு. காஜியாபாத்தில் இருவர் அதில் மருந்துகூட வாங்க முடியாது. அதனால்தான் அவர் வீடு தேடுகிறார். அவர் வாங்கப்போகும் வீட்டில் குடிவருபவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராகவோ, தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இளம் பணியாளராகவோ இருப்பார். அவருக்கு நாளை இந்த 7,500கூட இல்லை. முதலாளியும் அரசும் கொடுக்க மறுத்த ஓய்வூதியத்தை, ஓய்வூதியமே இல்லாத இளைய தொழிலாளியிடமிருந்து வாடகையாக வாங்கிக்கொள்ளும்படி மூத்த தொழிலாளியை அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையில் குடியிருப்போர் சங்கம் தொடங்குவது பற்றி ஓர் இளம் தோழர் பேசினார். சப்-மீட்டர் கட்டணம், ரசீது, முன்பணத்தைத் திருப்பித் தராமை என மூன்றே பிரச்சினைகளை எழுதிவந்திருந்தார். அறையில் இருந்த பதினான்கு பேரில் நால்வர் ஒரு மாடியையோ இரண்டு அறைகளையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள். எவரும் எதிர்க்கவில்லை. "விரிவாக ஆராய வேண்டும்" என்றார் ஒருவர். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றார் இன்னொருவர். கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்த இளம் தோழர் அடுத்த ஆண்டு வாடகை கூடியதால் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இப்போது அங்குள்ள கிளையில் இருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துத் தோழரை நானே அழைத்தேன். வாங்காதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அவருடைய முதுமைக்குக் கட்சி பொறுப்பேற்கவில்லை. அஞ்சலகக் கணக்கை மீண்டும் சொன்னேன். வாங்கியே தீர்வதானால் கடன் வாங்காமல், குடியேறத் தயாரான வீடாக, பத்திரத்தையும் கட்டட நிறைவுச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டி வாங்குங்கள் என்றேன். எழுத்து ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம், மாதாமாதம் ரசீது, மின்வாரியம் போடும் கட்டணமே கட்டணம். தரகரிடம் முதலிலேயே, சாதியும் மதமும் சமையலும் கேட்காதே என்று சொல்லிவிட வேண்டும். "தரகர் ஆறு மாத முன்பணம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்" என்றார். வாங்கித் தருவார்தான் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, ஓய்வூதியக் கோரிக்கைக்கான தர்ணா எப்போது என்று அவர் கேட்டார். குடியிருப்போர் சங்கம் பற்றி நான் சொன்னேன்.

வரும் ஞாயிறு எங்கள் கிளைக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருளாக அந்தப் பழைய குறிப்பைச் சேர்த்திருக்கிறேன். குடிபெயர்ந்த இளம் தோழரையும் அழைத்திருக்கிறோம். கபாஷேராவில் அறையெடுத்திருக்கும் தையல் தொழிலாளர் இருவர் தங்கள் சப்-மீட்டர்ச் சீட்டுகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காஜியாபாத் தோழரும் பார்வையாளராக வருகிறார். வீட்டைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்வாராம். தரகரிடம் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறார்.